நாய்கள் ஜாக்கிரதை: ராட்ரீக்கின் நீல நாயை உடுமலையிலிருந்து பார்த்தல்

எங்கள் ஊரில் பெயிண்டர் என்றால் சுவருக்கு வண்ணம் அடிப்பவர். படம் வரைகிறவருக்கு ஆர்ட்டிஸ்ட் என்று பேர். என் சித்தப்பா மகன் ஆர்ட்டிஸ்டாக இருந்தான். கட்சி விளம்பரம், சினிமா பேனர், தேர்நோம்பிக்கு வரவேற்பு வளைவு, எழவு வீட்டுக் கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கைதான். ஃப்ளெக்ஸ் வந்தது. அவன் பெயிண்டர் ஆனான்.

போன வருஷம் தளி ரோட்டுப் பக்கம் ஒரு புது பங்களாவில் அவனுக்கு வேலை. கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று போர்டு. உள்ளே ஹாலில், கண்ணாடி போட்ட பெரிய சட்டத்துக்குள் ஒரு நீல நாய். செல்போனில் பிடித்துக்கொண்டு வந்து காட்டினான்.

"கேட்டுல கட்டியிருக்கற நாயி நம்மளக் கண்டா கொலைக்குதுங்ணா. சொவுத்துல இருக்கற நாயி கொலைக்கவே இல்ல. சும்மா பாக்குது. மூணு நாள் அந்த ரூம்ல வேல செஞ்சேன். மூணு நாளும் என்னையே பாத்துட்டு இருந்துச்சு. யாருங்ணா வரஞ்சது இத?"

அவன் கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. வளர்த்த பிராணியை வரைவது பொழுதுபோன பணக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நம்ம பக்கத்து ஆர்.பி. பாஸ்கரன் பூனைகளை வரைந்து பேர் வாங்கியவர். பூனை வீட்டுக்குள் சுற்றுகிற பிராணி. நாய் அப்படியில்லை. அது வாசலில் நிற்கும். யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று பிரிக்கிற இடத்தில் நிற்கும். அதனால் நாய்ப் படத்தைப் பார்க்கும்போது வாசலுக்கு எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1

நீல நாயை வரைந்தவர் ஜார்ஜ் ராட்ரீக். அமெரிக்காவின் தெற்கே லூசியானா மாநிலம், நியூ ஐபீரியா என்ற சிற்றூரில் 1944-ல் பிறந்தார். 2013 டிசம்பரில் புற்றுநோயில் இறந்தார். அப்பா கொத்தனார். சமாதி கட்டித் தருவதும் அவர் தொழில். லூசியானாவின் தெற்குப் பகுதி சதுப்பு நிலம், தோண்டினால் தண்ணீர். அதனால் தரைக்கு மேலே கட்டடம் எழுப்பிப் பிணத்தை வைக்கிற வழக்கம் அங்கே பரவலாக உண்டு. சின்ன வயசில் போலியோ வந்து படுக்கையில் கிடந்த பையனுக்கு அம்மா வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். அதில்தான் ஆரம்பம்.

அவருடைய ஜனங்கள் கேஜன்கள். பிரெஞ்சு பேசிய கத்தோலிக்கர்கள். இன்றைய கனடாவின் அக்காடியாப் பகுதியிலிருந்து 1755 முதல் பிரிட்டிஷ்காரர்களால் துரத்தப்பட்டு, அதில் ஒரு பகுதியினர் லூசியானா சதுப்பில் வந்து ஒதுங்கினார்கள். 1921-ல் அந்த மாநிலத்தின் அரசமைப்புச் சட்டம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் மட்டும் என்றது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் வாத்தியாரிடம் அடி வாங்கினார்கள். ராட்ரீக் 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் ஓவியம் படித்தார். திரும்பி வந்து தன் ஜனங்கள் மறைந்து போவதற்குள் வரைந்து வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தார். கறுத்த ஓக் மரங்கள், கிளைகளுக்குக் கீழே ஒட்டினாற்போல் கொஞ்சம் வானம், மரத்தோடு சேர்த்து ஒட்டி வைத்தது போல வெள்ளை உடுப்பில் மனிதர்கள். நீல நாய்க்கு முந்தின ராட்ரீக் இவர்தான்.

இந்தக் காலத்துப் படங்களில் பேர் பெற்றது 1971-ல் வரைந்த 'அயோலி விருந்து'. மரத்தடியில் நீளமான மேசை. உட்கார்ந்திருப்பவர்கள் பெரிய ஆம்பிளைகள், ஆளுக்கொரு ஒயின் பாட்டில். சுற்றி நின்று ஊற்றிக் கொடுக்க இளவட்டங்கள். பின்வரிசையில் சமைத்துப் போட்ட பொம்பிளைகள். பழைய புகைப்படங்களை வைத்து, ஒரு விருந்துக் கழகத்தின் ஆட்களை முகம் முகமாகப் பதிந்திருக்கிறார்.

இதை விமர்சகர்கள் கிராமியப் பதிவு என்பார்கள். நமக்கு அது பந்தி. முதல் பந்தி யாருக்கு, கடைசிப் பந்தி யாருக்கு, எச்சிலை எடுப்பது யார் என்பது நமக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். அந்த விருந்துகள் நடந்தது தோட்ட முதலாளிகளின் பழைய மாளிகைப் புல்வெளிகளில். அந்த வட்டாரம் கரும்புக் காடு. கறுப்பர்களை அடிமையாக வைத்து வெட்டிய கரும்பு. துரத்தப்பட்ட தன் ஜனத்தின் கதையைச் சொல்ல வந்த ராட்ரீக், அந்த மண்ணில் சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்ட ஜனத்தை மேசைக்குக் கூப்பிடவில்லை. ஒடுக்கப்பட்டவனுக்கும் தன் கண்ணுக்குத் தெரியாத ஒரு பின்வரிசை இருக்கும். இதை அவரைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நமக்குள் ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான் இது.

2

ராட்ரீக் டிஃபனி என்று ஒரு நாய் வளர்த்தார். கறுப்பும் வெள்ளையுமான சின்ன நாய். அவர் ராத்திரி முழித்து வரையும்போது பக்கத்தில் கிடக்கும். 1980 வாக்கில் செத்துப்போனது. நாலு வருஷம் கழித்து, லூசியானாப் பேய்க்கதைகளின் தொகுப்பு ஒன்றுக்குப் படம் வரையச் சொல்லி வந்தார்கள். அதில் ஒரு கதைக்குக் காவல் நாய் தேவைப்பட்டது. கேஜன் வீடுகளில் 'லூகரூ' என்று ஒரு ஓநாய்ப் பேய் உண்டு. சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையை ராத்திரி வந்து பிடித்துக்கொண்டு போய்விடும் என்று அம்மாக்கள் மிரட்டுவார்கள், நம்ம பூச்சாண்டி மாதிரி. அந்தப் பேய்க்கு முகம் தேடிய ராட்ரீக், செத்த டிஃபனியின் புகைப்படங்களை எடுத்தார். நிலா வெளிச்சத்தில் நாயின் மயிர் நீலம் பாரித்தது. கண் சிவப்பு. பின்னால் வீடு. 1984-ல் வரைந்த அந்தப் படத்துக்குப் பேர் 'காவல் நாய்'.

என் கணக்கில் நீல நாய் வரிசையிலேயே உசந்த படம் இந்த முதல் படம்தான். காரணம் சொல்கிறேன். மனுசன் தான் ஆசையாக வளர்த்த பிராணியை வரைந்தால் பொதுவாகச் செல்லம் கொஞ்சுவான். இவர் கொஞ்சவில்லை. மடியில் கிடந்த நாயைச் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்ததாக வரைந்திருக்கிறார். பிரியமும் பயமும் ஒரே முகத்தில் இருக்கின்றன. சமாதி கட்டும் கொத்தனார் மகனுக்குச் சாவு தெரியும். இன்னொன்று, பேர்தான் காவல் நாய். அது கொலைக்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து உன்னைப் பார்க்கிறது. விரட்டுவதற்கென்று வைத்த பிராணி விரட்டாமல், நீ யார் என்று கேட்கிறது. என் தம்பி மூணு நாள் அந்த ஹாலில் நின்று உணர்ந்தது இதைத்தான். அவன் கலை வரலாறு படித்தவன் இல்லை.

3

காவல் நாயைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

எங்கப்பன் அமராவதிப் பாசனத்தில் ஒரு தோட்டத்தில் பண்ணயத்துக்கு இருந்தார். தோட்டத்துச் சாளையில் ஒரு நாய். அதற்குச் சோறு போட ஈயத் தட்டம் இருந்தது. எங்கப்பனுக்குத் தண்ணி கொட்டாங்குச்சியில். நாய் திண்ணை மேலே படுக்கும். அப்பன் கட்டுத்தரைக்கு அந்தப் பக்கம் குத்தவைப்பார். அந்த நாய்க்கு எங்களைத் தெரியும். தினமும் பார்க்கிற ஆள்தான். ஆனாலும் பண்ணாடி இருக்கும்போது எங்களைக் கண்டால் கொலைக்கும். பண்ணாடி இல்லாதபோது வாலை ஆட்டும். நாய்க்குச் சாதி தெரியாது என்பார்கள். சாதி தெரியாது, சோறு போடுகிறவன் முகம் தெரியும்.

எங்க வளவில் எங்களுக்கும் ஒரு நாய் இருந்தது. செவலை. கடுவன். நான் அஞ்சாவது படிக்கையில் அது சாளை நாயோடு சேர்ந்துவிட்டது. ரெண்டு நாள் கழித்து செவலை வாயில் நுரை தள்ளி வாய்க்கால் ஓரம் கிடந்தது. கறித்துண்டில் குருணை மருந்து. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பண்ணயம் போய்விடும். எங்கப்பன் பொழுதிறங்கின பிற்பாடு தனியாகக் குழி வெட்டினார். நான் அழுதபோது எங்கம்மா வாயைப் பொத்தினாள். "சத்தம் போடாத கண்ணு, தோட்டத்துக்குக் கேக்கும்" என்றாள்.

நாய்க்கு அழுவதற்கும் ஒரு உரிமை வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. லூசியானாவில் ஒருவர் தன் செத்த நாயை நிலா வெளிச்சத்தில் வரைந்துகொண்டிருந்த அதே வருஷங்கள்தான் அது.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்த கிராமங்கள் தென் மாவட்டங்களில் இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் பதிந்திருக்கின்றன. நாய்க் கலப்பில்கூடத் தீட்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், மனுஸ்மிருதி 10-ஆம் அத்தியாயத்தில் சண்டாளர்களை ஊருக்கு வெளியே இருத்திவிட்டு, நாயும் கழுதையுமே அவர்கள் சொத்து என்கிறது. கொடுத்த ஒரே சொத்திலும் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

மகாபாரதத்தில் ரெண்டு நாய் வருகிறது. தர்மனோடு கடைசிவரை நடந்த நாயை எல்லாரும் சொல்வார்கள். அது தர்ம தேவதை. இன்னொரு நாயைக் கதாகாலட்சேபத்தில் சீக்கிரம் தாண்டிவிடுவார்கள். காட்டுக்குள் கறுத்த மேனியோடு, மான் தோல் உடுத்தி நின்ற ஏகலைவனைக் கண்டு கொலைத்த நாய். அதுவும் பாண்டவர்களோடு வந்த நாய்தான். அந்த வாயை அவன் அம்பால் அடைத்தான். அதைப் பார்த்துத்தான் துரோணர் அவனைத் தேடி வந்தார், கட்டை விரல் போனது. காவல் நாயின் வேலை அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

ராட்ரீக்கின் மண்ணிலும் இதே வேலைக்கு நாய்கள் இருந்தன. 1841-ல் கடத்தப்பட்டு லூசியானாவில் பன்னிரண்டு வருஷம் அடிமையாக இருந்த சாலமன் நார்த்தப், சதுப்புக்குள் ஓடும்போது வேட்டை நாய்களை ஏவியதை எழுதி வைத்திருக்கிறார். தண்ணீரில் இறங்கி நீந்தியதால் மோப்பம் அறுந்து தப்பினார். 1963-ல் அலபாமாவின் பர்மிங்காமில் உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பர்கள் மேல் போலீஸ் நாயை ஏவியது. அந்தப் புகைப்படங்கள் உலகம் பூராவும் போயின. ஆண்டி வார்ஹோல் அதில் சிலவற்றை எடுத்து வண்ண வண்ணமாகத் திரும்பத் திரும்ப அச்சடித்து ஓவியமாக்கினார். அமெரிக்கக் கலையில் அந்த நாயும் உண்டு. ஒரே மண்டலத்து நாய்கள்தான். ராட்ரீக்கின் நாய் வீட்டுக்குள்ளிருந்து வந்தது, அந்த நாய் வீதியில் கடித்தது.

அதற்காக நாயை வெறுக்க வேண்டியதில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாடில், நாயும் மாடும் குடிக்கிற குளத்தில் மனுசன் குடிக்கக்கூடாதா என்று இறங்கிக் குடித்தார் அம்பேத்கர். 1931-ல் காந்தியிடம், நாய் பூனையைவிடக் கேவலமாக நடத்துகிற நாட்டை எப்படி என் நாடு என்பது என்ற பொருளில் முகத்துக்கு நேராகக் கேட்டார். அதே அம்பேத்கர் நாய் வளர்த்தார். 1934 பிப்ரவரியில் ராஜகிருகத்தில் எடுத்த குடும்பப் புகைப்படத்தில் ரமாபாய், மகன் யஷ்வந்த், அண்ணி, அண்ணன் மகன் எல்லாரோடும் அவருக்குப் பிரியமான டாபியும் இருக்கிறது. எனக்கு அந்தப் படம் முக்கியம். நாயைவிடக் கீழாக நடத்தப்பட்ட ஜனத்தின் தலைவர், தன் வீட்டில் தன் நாயோடு, தலை நிமிர்ந்து. அந்த நாய் யாரையும் விரட்ட நிறுத்தியது இல்லை.

4

மறுபடி ராட்ரீக்கிடம் வருவோம். 1988-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கண்காட்சி. வந்த ஜனங்கள் 'நீல நாய்' என்று பேசிக்கொண்டதைக் கேட்டார். பேய்க்கு அன்றோடு பேர் மாறியது. சிவப்புக் கண் மஞ்சளானது. அந்தக் கண்தான் நாயின் ஆத்மா என்று அவர் சொல்லிவந்தார். அடுத்து நியூ ஆர்லியன்ஸில் காட்சிக்கூடம், 1990-களில் அப்சலூட் வோட்கா விளம்பரம், பிறகு ஜெராக்ஸ் கம்பெனி விளம்பரம். 1995-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஜனநாயகக் கட்சியின் வலதுசாரி உறுப்பினர்கள் ஒரு அணி கட்டினார்கள். அவர்கள் கூடிப் பேசிய லூசியானா உறுப்பினர் அலுவலகத்தில் ராட்ரீக் படம் தொங்கியது. அணிக்கு 'நீல நாய்' என்று பேர் வந்தது. மடியில் கிடந்து செத்த பிராணி, பேயாக வந்து, சரக்கு பாட்டிலுக்கும் ஓட்டுக்கும் முத்திரையாக நின்றது.

ராட்ரீக் முத்திரையை நல்லதுக்கும் கொடுத்தார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நீலம் வடிந்து வெளிறிப்போன நாயை வரைந்து, பிரதி விற்ற பணத்தைச் செஞ்சிலுவைக்கு அனுப்பினார். 2005 ஆகஸ்டில் கத்ரீனாப் புயல் நியூ ஆர்லியன்ஸை முழுகடித்தபோது, பாதி தண்ணீரில் மூழ்கிய நாயை வரைந்து 'மீண்டும் எழுவோம்' என்று பேர் வைத்து நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார். நீலம் வடிந்த அந்த நாயிடம் 1984-ன் பழைய பயம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. துக்கம் திரும்பிய இடத்தில் ஓவியமும் திரும்பியது.

கத்ரீனாவில் ஏழைக் கறுப்பர்கள் பஸ் ஏறும்போது நாயை விட்டுவிட்டு ஏறு என்றார்கள். விடமாட்டேன் என்று வெள்ளத்திலேயே நின்றவர்கள் உண்டு. அதன் பிறகு 2006-ல் பேரிடர்க் காலத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் மீட்கத் திட்டம் வேண்டும் என்று சட்டம் வந்தது. நாய்ப்பாசம் பணக்காரச் சமாச்சாரம் என்று நினைக்கிற தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒண்ணுமே இல்லாதவனுக்கு நாய்தான் சொத்தும் சொந்தமும்.

என் விமர்சனம் ராட்ரீக் காசு சம்பாதித்தார் என்பதல்ல. சம்பாதிக்கட்டும், கொத்தனார் மகன். என் கேள்வி வேறு. ஒரு சாவின் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அந்தச் சாவு என்ன ஆகும்? முதல் படத்தில் நாய் திரும்பி வந்தது. நூறாவது படத்தில் அது அடையாளச் சீட்டு. பார்வை அதே பார்வைதான். ஆனால் கேள்வி போய்விட்டது. வரையப்பட்டவை எல்லாம் டிஃபனியின் சாயல்தான், டிஃபனி மட்டும் அதில் இல்லை.

உடுமலைக்காரனுக்கு இந்தக் கேள்வி வெறும் கலைக் கேள்வி இல்லை. 2016 மார்ச் 13 அன்று எங்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காகச் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கடைக் கேமராவில் பதிந்த அந்தக் காட்சியை டிவியில் எத்தனை தடவை போட்டார்கள்? உலகத்துக்கு உடுமலை என்றால் அந்தப் படம்தான் என்று ஆகிவிட்டது. முதல் தடவை பார்த்தபோது நெஞ்சை அடைத்தது. அம்பதாவது தடவை சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தார்கள். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் பெண்ணின் தகப்பனை விடுவித்து, மற்ற ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாக்கியது. அன்றைக்கும் அதே காட்சியை ஓட்டினார்கள். கூட்டிக் காட்டினால் நியாயம் வந்துவிடாது. சங்கர் எப்படிச் செத்தார் என்பதற்குப் படம் இருக்கிறது. எப்படி வாழ்ந்தார் என்பதற்கு நாம் என்ன வரைந்தோம்?

5

நீல நாய்க்கு நம்மிடமிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. 2018-ல் மாரி செல்வராஜ் எடுத்த 'பரியேறும் பெருமாள்'. படம் தொடங்குவதே ஒரு வேட்டை நாயின் சாவில்தான். கருப்பியைச் சாதிக்காரர்கள் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள். ஊர்ச் சனம் கூடி, மனுசருக்குச் செய்வதுபோல் சீர் செய்து, பாடி அடக்குகிறது. எங்கம்மா என் வாயைப் பொத்தினாளே, அந்தக் கையை அந்தப் பாட்டு எடுத்துவிட்டது. தியேட்டரில் நான் செவலைக்கு அழுதேன், முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து.

பிற்பாடு கருப்பி நீல நிறத்தில் திரும்பி வருகிறாள். பரியனின் முகத்திலும் நீலம். படத்தைத் தயாரித்த கம்பெனியின் பேரும் நீலம். ராட்ரீக்கின் நீலம் நிலாவிலிருந்து வந்தது. இந்த நீலம் 1942-ல் அம்பேத்கர் கட்டிய கட்சியின் கொடியிலிருந்து, நம் தெருமுனைச் சிலையின் கோட்டிலிருந்து வந்தது. ரெண்டுமே செத்த நாய், ரெண்டுமே நீலம், ரெண்டுமே திரும்பி வருகிறது. ஆனால் டிஃபனி நோயில் செத்தாளா மூப்பில் செத்தாளா என்று படம் கேட்பதில்லை. கருப்பியை யார் கொன்றது என்ற கேள்வி கடைசி வரைக்கும் விடுவதில்லை. துக்கத்தோடு கேள்வியும் சேர்ந்து நிற்பதால்தான் கருப்பி இன்னும் முத்திரையாகவில்லை. நாளைக்கு டீ சர்ட்டில் வருவாள். வந்தால் என்ன செய்யப்போகிறோம் என்பதை ராட்ரீக்கின் கதையிலிருந்து நாம் யோசித்துக்கொள்ளலாம்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டான். "செவலை எப்படிங்ணா இருக்கும்?" என்றான். அவன் பிறப்பதற்கு முன்னால் செத்த நாய். போட்டோ கிடையாது. எங்கப்பனுக்கே போட்டோ ஒன்றுதான், ரேசன் கார்டுக்கு எடுத்தது. காது ஒன்று மடிந்திருக்கும், நெத்தியில் வெள்ளை, வால் நுனி கறுப்பு என்று சொன்னேன். வேலைக்கு எடுத்து வந்த டப்பாவில் மீதி இருந்த பெயிண்டைக் கலக்கினான். நீலமா என்று கேட்டான்.

வேண்டாம், செவலையாகவே வரை என்றேன். குழியும் வரை, வாய்க்காலும் வரை, தோட்டத்துச் சாளை தூரத்தில் தெரியட்டும். எங்க வளவுச் சாவடிச் சுவரில் இப்போது அது இருக்கிறது. போகிற வருகிறவர்கள் யார் நாய் என்று கேட்கிறார்கள். எப்படிச் செத்தது என்று அடுத்துக் கேட்கிறார்கள். சத்தமாகவே சொல்கிறோம்.